இருபத்தைந்தரை அங்குலம்

நாங்கள் செய்யும் வீடுகளில் கட்டில்கள் எப்போதும் சிறியவை. எங்கள் தொழிலில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இது. கட்டட வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுவர் எழுப்பி, தரை பாவி, ஜன்னல் வழியே வெளிச்சம் விட்டு, வாங்க வருபவர் உள்ளே நடந்து பார்ப்பதுபோல ஒரு வீட்டைச் செய்து கொடுப்பது என் வேலை. பத்துக்குப் பத்து அறையில் நிஜ அளவுக் கட்டிலைப் போட்டால் நடக்க இடம் இருக்காது. பார்ப்பவரின் முகம் மாறும். அதனால் கட்டில், சோபா, பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து நூற்றுக்கு எண்பத்தைந்தாகக் குறைத்துவிடுவோம். சுவரைத் தொடமாட்டோம். கதவைத் தொடமாட்டோம். அறை தானாகப் பெரிதாகிவிடும். ஆறடி ஆள் அந்தக் கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் படத்தில் யாரும் படுப்பதில்லை.

ஐந்து வருடமாகச் செய்கிறேன். வேலை முடியும் நாளில் என் கை தானாகப் போய்ச் சுருக்கிவிட்டு வரும்.

அந்தப் புதன்கிழமை காலை விழுப்புரத்தில், கிழக்கு பாண்டி ரோட்டில் இருக்கும் என் மாடி அறையில், ஒரு முதியோர் இல்லத்துக்கான படத்தைச் செய்துகொண்டிருந்தேன். அதற்கு ஒரு சக்கர நாற்காலி தேவைப்பட்டது. திண்டிவனம் வேலையில் ஒன்று செய்து வைத்திருந்தது நினைவுக்கு வந்து, அதை எடுத்து ஒரு கதவின் பக்கத்தில் வைத்தேன். ஏதோ சரியில்லை. குழந்தைகளுக்கான நாற்காலி போல இருந்தது. எனக்கு எதையும் உடனே செய்து பழக்கமில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அகலத்தை அளந்தேன். இருபத்தொன்றே முக்கால் அங்குலம் கூட இல்லை.

எனக்குக் கொடுக்கப்பட்ட அளவு இருபத்தைந்தரை. கொடுத்தவர் லூர்துமேரி.

நான்கு மாதத்துக்கு முன்னால் லூர்துமேரியும் அவர் கணவர் சவுரிராயனும் திண்டிவனத்தில் வெற்றிச்செல்வனின் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். வெற்றிச்செல்வன் மரக்காணம் ரோட்டில் மூன்று மாடி அடுக்ககம் கட்டிக்கொண்டிருந்தார். என் வேலையில் பாதி அவரிடமிருந்து வருவது. சவுரிராயன் வல்லம் பக்கத்து ஆள். கொத்தனார். சென்னையில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருடமாகச் சக்கர நாற்காலி வண்டியில்தான் இருக்கிறார். வழக்கு நடந்து நஷ்டஈடு வந்திருந்தது. லூர்துமேரி திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆயா. ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை வீடு ஒன்று அவர்கள் பார்வையில் இருந்தது.

லூர்துமேரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். வண்டி பாத்ரூமுக்குள் போகுமா?

அதற்கான காரணத்தையும் அவரே சொன்னார். காலனி வீட்டில் கழிப்பறை வெளியே, நிலக்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையை ஒட்டி, மூன்று படி இறங்கிப் போகவேண்டும். அவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் திரும்ப சாயங்காலம் ஆறாகும். அதுவரைக்கும் சவுரிராயன் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு மடக்கு கூட. யாரையும் கூப்பிடக் கூடாது என்பதற்காக. சித்திரையிலும் அப்படித்தான். சிறுநீரகத்தில் கோளாறு ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் நன்றாக இருக்காது என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதையெல்லாம் அவர் சொல்லும்போது சவுரிராயன் வேறு யாரையோ பற்றிய பேச்சு போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கட்டடத்தில் தூண்கள் மட்டும்தான் நின்றன. போய்ப் பார்க்கக் கதவு இல்லை. வெற்றிச்செல்வன் என்னைப் பார்த்து, படத்தில் ஒரு வண்டியைப் போட்டு உள்ளே போவதுபோல் காட்டிவிடச் சொன்னார். லூர்துமேரி மறுநாளே பள்ளித் தையல் டீச்சரிடம் நாடா வாங்கி, கணவரை உட்காரவைத்து, கையால் தள்ளும் வளையம் உட்பட வெளிப்பக்கம் அளந்து, ஒரு நோட்டுத்தாளில் எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார். அந்த அளவுக்கு அச்சாகச் செய்தேன். பிறகு கடைசி நாளில் சாமான்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துச் சுருக்கினேன். அந்தப் பிடியில் நாற்காலியும் இருந்தது.

அலுவலகத்தின் பெரிய டிவியில் நாற்காலி கூடத்தைக் கடந்தது. கழிப்பறைக் கதவு திறந்தது. இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளியோடு அது உள்ளே போனது. லூர்துமேரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சவுரிராயன் இன்னொரு வாட்டி போடச் சொன்னார். பிறகு இன்னொரு வாட்டி. மூன்று முறை போட்டேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வரைபடத்தைத் திறந்து கணக்குப் பார்த்தேன். கழிப்பறைக் கதவு நிலையின் வெளி அளவு இரண்டரை அடி. இரண்டு பக்கச் சட்டம் போக இருபத்தைந்து அங்குலம். கதவு திறந்து நிற்கும்போது அதன் தடிமன் ஓர் அங்குலத்தைத் தின்னும். மிச்சம் இருபத்துநான்கு. அகலப்படுத்த வழி இல்லை. ஒரு பக்கம் தூண். மறுபக்கம் மூன்று மாடிக் குழாய்களும் இறங்கும் சந்து.

மணி ஒன்பது பத்து. கட்டடத்தில் இன்னும் கதவு நிலைகள் வைக்கவில்லை, ஆனாலும் அன்று காலை பதினொன்றரைக்கு அந்த வீட்டுக்குப் பத்திரப் பதிவு. வெற்றிச்செல்வன் முதல்நாள்தான் சொல்லியிருந்தார்.

லூர்துமேரியின் எண் என்னிடம் இல்லை. வாங்க வருபவர்களின் எண்ணை வெற்றிச்செல்வன் எங்களுக்குக் கொடுக்கமாட்டார். அவருக்கே போன் செய்தேன். நாற்காலி அளவு தப்பு, நிஜ வண்டி அந்தக் கதவில் நுழையாது என்றேன்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"அப்ப கம்முனு இரு. படம் மாதிரிக்கு மட்டும்னு கீழ போட்டிருக்குதா இல்லியா? இன்னிக்கிப் பதிவு. பேஜார் பண்ணாத."

வைத்துவிட்டார். அந்த வரியைப் போட்டதும் நான்தான். எல்லாப் படத்திலும் கீழே, படிக்க முடியாத அளவில் போடுவேன்.

புது பஸ் ஸ்டாண்டில் கிளம்பத் தயாராக நின்ற சென்னை வண்டியில் ஏறினேன். ஊருக்குள் போகாது, பைபாஸில்தான் இறக்கிவிடுவேன் என்றார் கண்டக்டர். பரவாயில்லை என்றேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. பஸ் நகரவில்லை. எனக்கு முன்சீட்டில் ஒரு பெண் பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். வெற்றிச்செல்வன் வேலை தரமாட்டார். பிழைத்துக்கொள்ளலாம். அவர்கள் கொடுத்த முன்பணம் போகும். அவர்களால் பிழைத்துக்கொள்ள முடியுமா, தெரியவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவே தேவையில்லை. முதல் நாள் காலை லூர்துமேரி வேலைக்குக் கிளம்பிப் போவார். சவுரிராயன் வண்டியை உருட்டிக்கொண்டு அந்தக் கதவுக்குப் போவார். அதற்கு மேல் என் மனம் போகவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை அந்தக் கதவின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது.

பைபாஸில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பதிவு அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐந்து. வாசலில் பத்திரம் எழுதுபவர்களையும் அவர்களைச் சுற்றிக் கூட்டத்தையும் தாண்டி உள்ளே போனேன். சுற்றுச்சுவர் ஓரத்து நிழலில் சவுரிராயன் தனியாக இருந்தார். வெளுத்த சட்டை, புது வேட்டி. வல்லத்திலிருந்து லோடு ஆட்டோவில் வண்டியோடு தூக்கிவைத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். லூர்துமேரி உள்ளே காகிதங்களைச் சரிபார்க்கக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார்.

"சேரு சின்னதா இருந்துச்சே," என்றார். "அதுக்கா வந்த?"

நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தெரியுமாண்ணே?"

"இருவது வருசமா நிலை நிறுத்தினவன் பாப்பா நான். எந்த நிலையில எது பூரும், எது பூராதுன்னு தெரியாதா? மொத வாட்டி பாக்கறப்பவே தெரிஞ்சிச்சி. ரெண்டாவது வாட்டி, நாம பாத்தது சரியான்னு பாத்தேன்." புது வேட்டியின் மடிப்பை நீவிவிட்டார். "மூணாவது வாட்டி மேரி மூஞ்சப் பாக்கறதுக்கு."

எங்களுக்கு முன்னால் யாரோ கை ரேகை வைத்த மையைச் சுவரில் துடைத்துவிட்டுப் போனார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். கொத்தனாரின் கைகள் இன்னும் அகலமாகவே இருந்தன.

"நான் இன்னும் எத்தினி நாளைக்கி இருப்பேன்? எனுக்கப்பறம் அந்தக் காலனி வூட்டுல என் தம்பிங்க மேரிய இருக்க வுடமாட்டானுங்க. புள்ளகுட்டியும் இல்ல. எங்க போவும்? அதும் பேர்ல ஒரு வூடு இருக்கட்டும். அந்தப் படத்தப் பாக்கலன்னா அது சம்மதிச்சே இருக்காது. உனுக்கு ஆவாத வூடு எனுக்கு எதுக்குன்னு சொல்லிடும்."

"தண்ணி குடிக்காம எப்டிண்ணே..."

"அது பழக்கம்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ வந்ததே போதும். எதுவும் சொல்லாத. உன்கிட்ட இது ஒண்ணுதான் கேக்கறேன்," என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அவர் உடம்பு, அவர் மனைவி, அவர் விழுந்ததற்குக் கிடைத்த பணம். நடுவில் நான் யார்? என் கை சுருக்கிய ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் தன் மனைவிக்கு வீடு வாங்கிக்கொண்டிருக்கிறார். பேசாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. போவதற்கு ஓர் அடி எடுத்தும் வைத்தேன்.

வெற்றிச்செல்வன் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

"என்னாம்மா சூர்யகலா, ஆபீச இங்க மாத்திட்டியா?" சிரித்துக்கொண்டே கேட்டார். கண் சிரிக்கவில்லை. அடுத்த டோக்கன் அவர்களுடையது என்று சவுரிராயனிடம் சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பின்னாலேயே லூர்துமேரி. கையில் காகித உறை. இன்னொரு கையில் வாசல் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில், இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பதிவுக்காகவே வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். உன் படத்தாலதான் பாப்பா என்று என் கையைப் பிடித்து ஆட்டினார். பிறகு பாட்டில் மூடியைத் திருகி, கணவரிடம் நீட்டினார்.

"இந்தா, குடி. இனிமே உன் இஷ்டத்துக்குக் குடி, உன் இஷ்டத்துக்குப் போ. ராத்திரியில மேரி மேரின்னு கூப்ட்டன்னு வெச்சிக்க, நான் காதுல பஞ்சு வெச்சிக்குவேன்."

சவுரிராயனும் சிரித்தார். பாட்டிலை வாங்கி அண்ணாந்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்ப இன்னும் எத்தனையோ மணி நேரம். அவர் பாதிப் பாட்டிலைக் குடித்தார். ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்தேன். லூர்துமேரி குழந்தை சாப்பிடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றேன். "கையெழுத்துப் போடாதீங்க. வண்டி அந்தக் கதவுல போவாது."

வெற்றிச்செல்வன் என் பெயரைச் சொன்னார். சவுரிராயன் பாட்டிலை இறக்கினார். லூர்துமேரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் கேட்டது நான் எதிர்பார்த்தது அல்ல.

"நான் அளவு தப்பா எடுத்துட்டனா?"

"இல்லக்கா. நீங்க குடுத்த அளவு சரி. நான்தான் சுருக்கிட்டேன்."

"எதுக்கு?"

கட்டில், பீரோ எல்லாவற்றையும் சுருக்குவோம், அறை பெரிதாகத் தெரியும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமான வேலை என்று எனக்கே கேட்டது. அவர் கோபப்படவில்லை. நிதானமாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சவுரிராயனின் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

"உனுக்குத் தெரியும்," என்றார் லூர்துமேரி.

சவுரிராயன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். வெற்றிச்செல்வன் ஜல்தி, ஜல்தி என்றார். சின்ன வண்டி ஒன்று வாங்கிக்கொண்டால் தீர்ந்தது, அதற்குப் போய் இவ்வளவா என்றார். ஆஸ்பத்திரியில் முதலில் கொடுத்தது சின்ன வண்டிதான் என்று லூர்துமேரி அவரைப் பார்க்காமலே சொன்னார். இவருடைய உடம்புக்கு அது பத்தாமல் இடுப்பின் இரண்டு பக்கமும் புண்ணாகி, ஆற மூன்று மாதம் ஆனது. எலும்பு தெரிந்தது. வெற்றிச்செல்வன் கொஞ்சம் குரலை உயர்த்தினார். பின்வாங்கினால் முன்பணத்தில் ஒரு பைசா திரும்பாது, ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். எண்ணை இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள்.

சவுரிராயன் மனைவியின் முந்தானையைப் பிடித்தார். "மேரி, போடு. போய்ப் போட்டுட்டு வா. சொல்றதக் கேளு."

"உள்ள நான் போயி கையெழுத்துப் போடணும். வெளிய நீ தாகத்தோட குந்திக்கினு இருக்கணும்," என்றார் அவர். "அந்த வூட்டுல நான் எப்டிய்யா தண்ணி மொண்டு குடிப்பேன்?"

மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள்.

வெற்றிச்செல்வன் என்னிடம் பேசியதை இங்கே எழுதவேண்டியதில்லை. அவருடைய நான்கு வேலைகள் என் கம்ப்யூட்டரில் பாதியில் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றார். லூர்துமேரி காகித உறையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வண்டியின் பிடியைப் பற்றித் திருப்பினார். நான் பின்னால் போனேன். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

வாசலைத் தாண்டும்போது சவுரிராயன் திரும்பாமல் சொன்னார்:

"ஒண்ணுதான் பாப்பா கேட்டேன்."

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாவதற்கு முன்னால் செய்துவிட்டுப் போக அவரிடம் ஒரு காரியம் மிச்சம் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். அந்த வீட்டை வாங்கியிருந்தால் அவர் சீக்கிரம் போயிருப்பார். வாங்காததால் மட்டும் நாள் கூடிவிடுமா? நாளைக் காலையும் ஆறு மணிக்கு லூர்துமேரி கிளம்புவார். கொல்லைக்குப் போகும் மூன்று படிகளும் அங்கேயேதான் இருக்கும். நான் காப்பாற்றியது யாரை என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

லோடு ஆட்டோ நின்ற இடத்துக்கு வந்தோம். டிரைவரைக் காணோம். டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். லூர்துமேரி வண்டியை நிழலில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார். தன் முந்தானையால் கணவரின் கழுத்தைத் துடைத்தார். பிறகு என்னிடம் வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோலக் கேட்டார்.

"பாப்பா, நீதான் அம்மாம் வூடு செய்யறயே. விழுப்புரத்துல, இங்க, எல்லாத்துலயும். எதுலயாவது இந்த வண்டி போற பாத்ரூம் கதவு இருக்குதா? தூரமா இருந்தாலும் பரவால்ல. சின்னதா இருந்தாலும் பரவால்ல. நெனச்சிப் பாத்துச் சொல்லு. நான் நிக்கறேன்."

நினைத்துப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் முப்பத்தெட்டு வீடுகள். ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். திருச்சி ரோட்டில் செய்த அடுக்ககத்துக்குள் நுழைந்தேன். கூடம், சமையலறை, வலது பக்கம் திரும்பினால் கழிப்பறை. இரண்டரை அடி. மாம்பழப்பட்டு ரோட்டில் ஆறு வீடு. இரண்டேகால். திண்டிவனம் ரயில்வே கேட் பக்கம் ஒரு டாக்டரின் தனி வீடு. மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். மூன்று கழிப்பறை, மூன்றும் இரண்டரை. அந்த வீட்டின் பூஜை அறைக்கு மூன்றரை அடியில் செதுக்கிய கதவு போட்டிருந்தேன். வெளியே வந்தேன். அடுத்த வீட்டுக்குள் போனேன். விளக்குகள் எல்லாம் எரிந்தன. சோபாக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கூடத்தைக் கடந்து, திரும்பி, கதவைத் திறந்தேன். அதிலும் இல்லை. அடுத்ததற்குப் போனேன்.

லூர்துமேரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.